மேடையில் அமைச்சர், மேசையில் கோப்பு
வாசகர் கேள்வி – பதில்

அமைச்சர்களையும் அதிகாரிகளையும் பற்றி நையாண்டி நாடகம் எழுதும் ராமநாதபுரம் மாவட்ட ஊர் மன்றங்களிடமிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

எங்கள் மன்றம் ஊர்த் திருவிழாவுக்கு முக்கால் மணி நேர நாடகம் போடுகிறது. அமைச்சர் வருகிறார், மீன் இறங்குதளம் கட்டித் தருவதாக அறிவிக்கிறார், கைதட்டு வாங்கிக்கொண்டு போகிறார். எட்டு வருடம் ஆகியும் ஒரு கல் வந்து இறங்கவில்லை. நடுவில் என்ன நடக்கிறது என்று எழுதத் தெரியவில்லை. 'எல்லாம் லஞ்சம்' என்று முடித்துவிடலாமா?
— தங்கச்சிமடம் வாசகர்

வேண்டாம். லஞ்சம் என்று ஒரு வரியில் முடித்தால் கூட்டம் ஒரு தடவை கைதட்டும், வீட்டுக்குப் போனதும் மறந்துவிடும். ஒருவர்கூடக் காசு வாங்காமலேயே எட்டு வருடம் ஓடிவிடும். உங்கள் நாடகத்துக்கு வேண்டிய சரக்கு அங்கேதான் இருக்கிறது.

அறிவிப்பு வேறு, அரசாணை வேறு. விழா மேடையில் சொன்னது, துறைக்கு நிதி கேட்கும் மானியக் கோரிக்கை நாளில் அமைச்சர் சட்டமன்றத்தில் சொன்னது, சட்டமன்ற விதிகளில் 110ஆம் விதியின் கீழ் முதலமைச்சர் படித்தது எல்லாமே அறிவிப்புகள்தான். 110இன் கீழ் படிக்கப்படும் அறிக்கை மீது விவாதமும் கிடையாது. கருவூலத்திலிருந்து பணம் அசைய வேண்டுமானால் அரசாணை வேண்டும்.

அந்த அரசாணைக்கான பயணம் சென்னையில் தொடங்குவதில்லை, உங்கள் கரையில்தான் தொடங்குகிறது. துறை இயக்குநர் அலுவலகம் மாவட்ட அலுவலகத்திடம் கருத்துரு (திட்ட முன்மொழிவு) கேட்கும். பொறியாளர் வந்து ஆழம், மண், படகுகளின் எண்ணிக்கை எல்லாம் பார்த்து, அந்த ஆண்டுக்கு அரசு வகுத்த விலைவிகிதப் பட்டியல்படி மதிப்பீடு போடுவார். இடம் யாருடையது என்று கிராம நிர்வாக அலுவலரும் தாசில்தாரும் சொல்ல வேண்டும். கரை என்பதால் கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி வேண்டும். தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் என்றால் வனத்துறையையும் கேட்க வேண்டும். மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன.

இத்தனையும் சேர்ந்து தலைமைச் செயலகத்துக்குப் போனதும் ஏணி ஏற்றம். உதவிப் பிரிவு அலுவலர் குறிப்பு எழுதுவார். பிரிவு அலுவலர், சார்புச் செயலாளர், துணைச் செயலாளர் என்று ஏறித் துறைச் செயலாளரிடம் போகும். செலவு இருப்பதால் நிதித்துறையின் இசைவு கட்டாயம். கோப்பு நிதித்துறைக்குப் போனால் அங்கும் இதே ஏணி, அடிப்படியிலிருந்து. நிதித்துறை ஒரு கேள்வி கேட்கும்: "பக்கத்து ஊரில் ஏற்கெனவே ஓர் இறங்குதளம் இருக்கும்போது இதன் அவசியம் என்ன?" கேள்வி நியாயமானதுதான். ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் கரையில் இருக்கிறார். எனவே கோப்பு அத்தனை படியும் இறங்கி ராமநாதபுரம் வந்து, பதிலோடு திரும்பவும் ஏற வேண்டும்.

அதற்குள் மார்ச் 31 வந்துவிடும். செலவழிக்காத ஒதுக்கீட்டைத் திரும்ப ஒப்படைத்தாக வேண்டும். ஏப்ரல் பிறந்தால் விலைவிகிதப் பட்டியல் மாறும். சிமென்ட், கம்பி, கருங்கல் விலை ஏறியிருப்பதால் திருத்திய மதிப்பீடு. தொகை மாறியதால் மறுபடியும் நிதித்துறை. இந்தச் சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றினால் பொறியாளரும் செயலாளரும் மாறியிருப்பார்கள், சில சமயம் அமைச்சரும் மாறியிருப்பார். புதிதாக வந்தவர் முதல் பக்கத்திலிருந்து படிப்பார்.

அரசாணை வந்தாலும் அது நிர்வாக ஒப்புதல் மட்டுமே. அதன் பிறகு தொழில்நுட்ப ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை. 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் விதிகள்படி, இரண்டு கோடி ரூபாய் வரை 15 நாளும் அதற்கு மேல் போனால் 30 நாளும் குறைந்தபட்ச அவகாசம் தர வேண்டும். பணி ஆணை கைக்கு வரும்போது தென்கடலில் சோளகம் என்னும் தென்காற்று, வடகடல் (பாக் விரிகுடா) என்றால் வாடை. தண்ணீருக்குள் கல் இறக்க முடியாது.

இதை மேடையில் எப்படிக் காட்டுவது? 45 நிமிடத்தில் அறிவிப்புக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். பெரும்பாலான மன்றங்கள் தவறுவது இங்கேதான். அமைச்சர் வேடக்காரருக்குக் கைதட்டு விழுகிறது என்று அரை மணி நேரம் மைக்கை அவரிடம் விட்டுவிடுகிறார்கள். 30 நிமிடம் கோப்புக்குக் கொடுங்கள். முதல் காட்சியில் இரண்டு தாள் உள்ள கோப்பு, காட்சிக்குக் காட்சி தடிக்கட்டும். மனு கொடுத்த பெண் முதல் காட்சியில் இடுப்பில் குழந்தையோடு வரட்டும். மூன்றாவது காட்சியில் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடப் பையோடு நிற்கட்டும். கடைசிக் காட்சியில் அதே பிள்ளை மனு எழுதட்டும். எத்தனை வருடம் என்று யாரும் வசனம் பேச வேண்டியதில்லை.

எங்கள் கதையில் அமைச்சர் முட்டாள், செயலாளர் கெட்டிக்காரர். எல்லா நாடகத்திலும் இப்படித்தானே வருகிறது?
— தொண்டி வாசகர்

வருகிறது. அதனாலேயே சலித்தும் விட்டது. நான்கைந்து தேர்தல் பார்த்து, தொகுதியில் எந்தத் தெருவில் எந்தக் குடும்பத்துக்கு என்ன குறை என்று மனப்பாடமாகச் சொல்லும் ஆளை முட்டாள் என்று காட்டினால் பார்க்கிறவர்களே நம்ப மாட்டார்கள். அமைச்சருக்கு ஆளைத் தெரியும், விதி தெரியாது. செயலாளருக்கு விதி தெரியும், ஆளைத் தெரியாது. ஒருவர் இல்லாமல் மற்றவரால் நகர முடியாது, ஆனால் இருவருக்கும் பயம் வேறு வேறு. அமைச்சருக்கு அடுத்த தேர்தல் பயம். செயலாளருக்குப் பத்து வருடம் கழித்து வரும் தணிக்கைக் கேள்வியின் பயம். இந்த இரண்டு பயங்களை மோத விடுங்கள், வசனம் தானாக வரும்.

யாருக்கு என்ன ஆயுதம் என்பதைச் சரியாக வையுங்கள். அதிகாரியை அமைச்சர் நினைத்த மாத்திரத்தில் வேலையை விட்டு நீக்க முடியாது. அரசியல் சட்டத்தின் 311ஆவது பிரிவு விசாரணை இல்லாமல் நீக்குவதைத் தடுக்கிறது. ஆனால் இடமாற்றம் தண்டனைக் கணக்கில் வராது. ஆகவே "உன்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்" என்று அமைச்சர் கத்தும் காட்சி பொய். "உங்க பையன் பத்தாம் வகுப்புதானே படிக்கிறான்?" என்று அன்பாகக் கேட்கும் காட்சி உண்மைக்கு மிகவும் நெருக்கம். பரீட்சை வருடத்தில் இடமாற்றம் என்றால் என்ன என்று கூட்டத்தில் உள்ள எல்லா ஆசிரியருக்கும் காவலருக்கும் புரியும்.

அதிகாரியின் ஆயுதம் எழுத்து. அமைச்சர் வாயால் சொன்னதை, "மாண்புமிகு அமைச்சர் அவர்களின் வாய்மொழி அறிவுரையின்படி" என்று குறிப்பில் பதிந்துவிட்டால் பொறுப்பு இடம் மாறிவிடும். ஐ.ஏ.எஸ். போன்ற அகில இந்தியப் பணி அதிகாரிகளுக்கான 1968ஆம் ஆண்டு நடத்தை விதிகளே, மேலதிகாரி வாய்மொழியாகச் சொன்னதை எழுத்தில் உறுதிசெய்து வாங்கச் சொல்கின்றன. ஓய்வுபெற்ற அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியனும் மற்றவர்களும் தொடர்ந்த வழக்கில், 2013 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றமும் இதையே வலியுறுத்தியது. அமைச்சர் சொல்லச் சொல்லச் செயலாளர் மெதுவாகப் பேனாவைத் திறக்கிறார். மூடி கழன்றதும் அமைச்சரின் பேச்சு மாறுகிறது. வசனமே இல்லாத இந்த அரை நிமிடம், பத்துப் பக்க வாக்குவாதத்துக்குச் சமம்.

கோப்பில் செயலாளர் எழுதும் சின்னச் சொல் ஒன்றும் உண்டு: "பேசுக". கீழே உள்ளவர் நேரில் வந்து விளக்க வேண்டும் என்று பொருள். வர வேண்டியவர் வெளியூர் ஆய்வில் இருந்தால் கோப்பு அந்தச் சொல்லோடு அப்படியே கிடக்கும். மறுத்ததாகவும் ஆகாது, ஒப்புக்கொண்டதாகவும் ஆகாது.

மேடைக்கு எத்தனை அமைச்சர்களை ஏற்றலாம்?
— பரமக்குடி வாசகர்

ஒருவர் போதும். அமைச்சரவைக் கூட்டமே காட்டுவதானால் 35 பேரைத் தாண்டாதீர்கள். 2003இல் வந்த 91ஆவது திருத்தம், சட்டமன்ற எண்ணிக்கையில் 15 விழுக்காட்டுக்கு மேல் அமைச்சர்கள் கூடாது என்கிறது. நமக்கு 234 உறுப்பினர்கள்; முதலமைச்சரையும் சேர்த்து 35தான் உச்சம்.

அதிகாரியின் வசனத்தில் அரசாங்கத் தமிழ் கேட்க வேண்டும். எப்படி எழுதுவது?
— கீழக்கரை வாசகர்

செய்கிறவனை எடுத்துவிட்டு எழுதுங்கள். அரசாங்கத் தமிழின் உயிர் அங்கேதான் இருக்கிறது. "நான் உங்கள் மனுவைப் படிக்கவில்லை" என்று எந்தக் கடிதத்திலும் வராது. "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது என்பது தெரிவிக்கப்படுகிறது" என்று வரும். யார் பரிசீலிக்கிறார்கள், யார் தெரிவிக்கிறார்கள்? வாக்கியத்தில் ஆளே இல்லை. 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்', 'கவனம் ஈர்க்கப்படுகிறது', 'அறிக்கை கோரப்பட்டுள்ளது' என்று எல்லாம் செயப்பாட்டு வினை.

ஒவ்வொரு தொடருக்கும் ஒரு வேலை உண்டு. வேலை தெரியாமல் தொடரைக் கொட்டினால் வெறும் கடுந்தமிழாகப் போய்விடும். "உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது" என்றால் இனி இது என் மேசையில் இல்லை என்று அர்த்தம். "விதிமுறைகளுக்கு உட்பட்டு" என்றால் முடியும், முடியாது இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதாக ஆகும். "நிதி ஒதுக்கீடு பெறப்பட்டவுடன்" என்றால் தேதி கேட்காதே என்று பொருள். "முன்னுரிமை அடிப்படையில்" என்பதற்கு முன்னால் வேறு பெயர்கள் இருக்கின்றன என்று பொருள்.

மனு போகும் வழியையும் இதே தொடர்களால் காட்டலாம். ஓர் அலுவலகத்தின் மீது புகார் எழுதி அமைச்சரிடம் கொடுக்கிறார்கள். "உரிய நடவடிக்கைக்காக" என்று செயலாளருக்கு, அங்கிருந்து இயக்குநருக்கு, அங்கிருந்து மாவட்டத்துக்கு, கடைசியில் எந்த அலுவலகத்தின் மீது புகாரோ அதே அலுவலகத்துக்கு. "புகாரில் உண்மை இல்லை எனத் தெரிவிக்கப்படுகிறது" என்று அவர்களே பதில் எழுதுவார்கள். மனுக் கொடுத்துப் பார்த்த எல்லோருக்கும் இந்த வட்டம் தெரியும். மிகையே வேண்டாம், அப்படியே காட்டுங்கள்.

மனுதாரர் மட்டும் உங்கள் ஊர்ப் பேச்சே பேசட்டும். "காக்கா (அண்ணே), வர்ற மாசம் வந்துருமா வராதா, ஒண்ணு சொல்லுங்க" என்று அவர் கேட்க, எதிரில் இருப்பவர் "தங்கள் கோரிக்கை கனிவுடன் பரிசீலிக்கப்படும்" என்று சொல்ல, இரண்டு தமிழும் ஒன்றையொன்று தொடாமல் போவதே போதுமான நையாண்டி. மனுதாரரின் பேச்சைக் கேலிப்பொருளாக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். அடி மேலே போக வேண்டும்; கரையில் நிற்பவர் மேல் விழக் கூடாது.

'எல்.டிஸ் போட்டாச்சு' என்று அலுவலகத்தில் சொன்னார்கள். நாடகத்தில் வைக்கலாமா?
— ஏர்வாடி வாசகர்

கண்டிப்பாக வையுங்கள், பொருளைக் கூட்டத்துக்கு விளக்கிவிட்டு. மாவட்ட அலுவலகங்களில் கோப்பை முடிக்கும்போது எத்தனை காலம் பாதுகாக்க வேண்டும் என்று ஓர் எழுத்துப் போடுவார்கள். ஆர்.டிஸ் என்றால் நிரந்தரம். டி.டிஸ் பத்து ஆண்டு, கே.டிஸ் மூன்று ஆண்டு, எல்.டிஸ் ஓர் ஆண்டு. முடித்த கணக்கில் எண் ஏறிவிடும், மனுதாரருக்கு வேலை நடந்ததா என்பது தனிக் கதை. நான்கு எழுத்துகளையும் நான்கு பெட்டிகளாக மேடையில் வையுங்கள். மனு எந்தப் பெட்டியில் விழுகிறது என்று கூட்டமே எட்டிப் பார்க்கும்.

அரசாணை எண்ணிலும் இதுபோல ஒரு நுணுக்கம் உண்டு. 'நிலை' என்று இருந்தால் கொள்கை, புதுத் திட்டம் போன்றவை. 'வாலாயம்' என்று இருந்தால் வழக்கமான அன்றாட விஷயம். இறங்குதளத்துக்கு நிலை அரசாணை எதிர்பார்த்து நிற்கும் ஊருக்கு, அமைச்சர் வருகைக்கான பந்தல் செலவுக்கு வாலாய அரசாணை முதலில் வந்து சேர்வதாக ஒரு காட்சி எழுதிப் பாருங்கள்.

ஸ்பெஷல் நாடகத்துச் சிரிப்பு வேடக்காரரான பபூனை இதற்குள் கொண்டுவர முடியுமா? பெரியவர்கள் பபூன் இல்லாமல் உட்கார மாட்டார்கள்.
— தேவிபட்டினம் வாசகர்

அவரை அமைச்சர் ஆக்காதீர்கள், அமைச்சர் அறை வாசலில் நிற்கும் சேவகரான டவாலி ஆக்குங்கள். ஸ்பெஷல் நாடகத்தில் பபூனுக்கு ஒரு சலுகை உண்டு: கதைக்குள்ளும் நிற்பார், கதையை விட்டு வெளியே வந்து ஆர்மோனியக்காரரோடும் கூட்டத்தோடும் பேசுவார். அமைச்சர் அறைக்குள் யார் போகிறார், எவ்வளவு நேரம் கழித்து வருகிறார், வரும்போது முகம் எப்படி இருக்கிறது என்று முழுதாகப் பார்க்கிற ஒரே ஆள் டவாலிதான். கோப்பின் சட்டச் சிக்கலை அவர் வாயால் ஊர்த்தமிழில் சொல்ல வைத்தால் விளக்க வசனம் தனியாக வேண்டாம்.

ஒரு கட்டுப்பாடு. அவரோடு ஆடிப் பேசும் டான்ஸ் காமிக் ஜோடி வந்தால் இரட்டை அர்த்தம் உடனே நுழைந்துவிடும். அது நுழைந்த நிமிடத்திலிருந்து கூட்டம் கோப்பை மறந்துவிடுகிறது, முன்வரிசைப் பெண்கள் எழுந்து போகிறார்கள். பபூனின் தனி நேரத்தைக் காட்சிக்கு மூன்று நிமிடத்தோடு நிறுத்துங்கள்.

போலீஸ் அனுமதி வேண்டுமா? வசனத்தை முன்கூட்டிக் காட்டச் சொல்கிறார்கள். வழக்குப் போடுவார்களோ என்று ஊர்ப் பெரியவர்கள் பயப்படுகிறார்கள்.
— பாம்பன் வாசகர்

வெள்ளைக்காரன் 1876இல் கொண்டுவந்த நாடகச் சட்டம் 2018 தொடக்கத்தில் நீக்கப்பட்டது. நம் மாநிலத்தில் 1954இல் வந்த நாடக நிகழ்ச்சிகள் சட்டம் வேறு. அதன் முக்கியப் பிரிவுகளை, எழுத்தாளர் ஞாநி தொடர்ந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் செல்லாது என்றது. ஆகவே வசனத்தைக் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்ற பழைய பேச்சுக்கு அந்தச் சட்டத்தைக் காட்ட முடியாது.

ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி கட்டாயம் வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்கு நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு, அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் போகாமல். நாடகத்தை எட்டு மணிக்குத் தொடங்கிவிடுவது நல்லது. நேரம் கடந்ததைக் காரணம் காட்டி நிறுத்தினால் உங்கள் பக்கம் நியாயம் இருக்காது.

அவதூறு இப்போது புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவு. பொது ஊழியர் தன் பொதுக் கடமையில் நடந்துகொண்ட விதம் பற்றி நல்லெண்ணத்தோடு சொல்லும் கருத்து அதில் விதிவிலக்கு. பதவிக் கடமை தொடர்பான விமர்சனத்துக்காக அதிகாரிகள் சுலபமாக நஷ்டஈடு கேட்க முடியாது என்று, ஆட்டோ சங்கர் வழக்கு என்று பேசப்படும் ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994இல் சொன்னது. அதே சமயம், அமைச்சருக்காக அரசு வழக்கறிஞரே செஷன்ஸ் நீதிமன்றத்தில் அவதூறு வழக்குத் தொடர இன்றும் வழி இருக்கிறது. ஆகவே துறைக்கும் ஊருக்கும் கற்பனைப் பெயர் வையுங்கள். உண்மையான ஒருவர் பணம் வாங்கினார் என்று ஆதாரமில்லாமல் சொல்லாதீர்கள். சாதி, உடல், குடும்பத்துப் பெண்கள் மூன்றையும் தொடாதீர்கள். சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. அமைச்சரின் தொப்பையைக் கேலி செய்யும் நாடகம் அவர் கையெழுத்தைத் தப்பவிட்டுவிடும்.

மேடைக்கு என்னென்ன சாமான் வேண்டும்?
— மண்டபம் வாசகர்

அட்டை வைத்த கோப்புப் பலகை இரண்டு, ஒன்று மெலிந்தது, ஒன்று 300 தாள் கொண்டது. ஓரத்தில் துளையிட்டு டேக் கோத்தது. பக்க அடையாளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சீட்டுகள். மேசை மணி ஒன்று. கோப்புக்குள் எப்போதும் இரண்டு பகுதி இருக்கும்: வந்த கடிதங்கள் உள்ள நடப்புக் கோப்பு, அதிகாரிகள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் குறிப்புக் கோப்பு. நடிகர்கள் இரண்டையும் பிரித்துப் புரட்டப் பழகட்டும். அரசு முத்திரையை அச்சடிக்க வேண்டாம், வெற்று அட்டையே போதும். இப்போது பல அலுவலகங்களில் இ-ஆபீஸ் (கணினிக் கோப்பு முறை) வந்துவிட்டாலும் கூட்டத்துக்குத் தெரிவது தாள்தான்.

நாங்கள் காட்டுவது உண்மை என்று ஊருக்கு நிரூபிக்க வேண்டும். எங்கள் ஊருக்கு அறிவித்த திட்டம் எங்கே நிற்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— மூக்கையூர் வாசகர்

எல்லா மன்றமும் இந்தக் கேள்வியில் தொடங்கியிருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. முதலில் அறிவிப்பின் தேதியைக் கண்டுபிடியுங்கள். மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடும். உங்கள் ஊர்ப் பெயர் அதில் இருந்தால் வேலை பாதி முடிந்தது. அமைச்சர் அவையில் கொடுத்த வாக்கு என்றால், பேரவையின் அரசு உறுதிமொழிக் குழுவுக்கு அது வந்து சேரும். அந்தக் குழு மாவட்டத்துக்கு ஆய்வுக்கு வரும்போது நேரில் மனுக் கொடுக்கலாம். பொதுக்கூட்ட மேடையில் சொன்னதற்கு அந்த வழி இல்லை.

பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டம். வெள்ளைத் தாளில் 6(1) பிரிவின் கீழ் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு விரைவு அஞ்சலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். இங்கே செய்யும் பெரிய தவறு, "ஏன் இன்னும் கட்டவில்லை?" என்று கேட்பது. 'ஏன்' என்பதற்கு அவர்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் அல்லர். ஆவணத்தில் உள்ளதைத் தரவே கடமை. எனவே இப்படிக் கேளுங்கள்: "இன்ன தேதியில் அறிவிக்கப்பட்ட இன்ன ஊர் மீன் இறங்குதளம் தொடர்பான கோப்பின் எண், கோப்பு ஒவ்வோர் அலுவலருக்கும் வந்த தேதி, அனுப்பிய தேதி, குறிப்புக் கோப்பின் அனைத்துப் பக்கங்களின் நகல்." தாளுக்கு 2 ரூபாய் கேட்பார்கள். கோப்பை நேரில் பார்க்க வேண்டும் என்றும் கேட்கலாம், முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் அதே துறையில் முதல் மேல்முறையீடு. அதுவும் சரிவராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். முதல் முறையீட்டைத் தவிர்த்துவிட்டு நேரே ஆணையத்துக்கு இரண்டாவது முறையீடு எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

திருவிழாவுக்கு நான்கு மாதம் முன்னால் இதைத் தொடங்குங்கள். தேதிப் பட்டியல் கைக்கு வந்ததும் எந்த மேசையில் கோப்பு அதிக நாள் கிடந்தது என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் நினைத்த ஆளாக அவர் இருக்க மாட்டார். அந்த மேசையை மேடை நடுவில் போட்டுவிட்டு, மற்ற காட்சிகளை அதைச் சுற்றி எழுதுங்கள்.